பதினேழாம் கூட்டில் வெளியார் இல்லை

எறும்பிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, படிவம் ஏழின்படி, "குடும்பத் தலைவரின் பெயர் என்ன?" என்பது.

படிவத்தைத் தயாரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எறும்போடு பேசும் மோப்பப் பெட்டி வந்தது ஜூனில். ஆலைக்கு நிலம் எடுக்குமுன் அங்கே குடியிருக்கும் உயிரிகளை அதை வைத்து விசாரிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது ஆகஸ்டில். செப்டம்பருக்குள் படிவம் வேண்டும் என்றார்கள். தொழில்நில வாரியத்தில் யாரோ ஒருவர் அலமாரியைத் திறந்து, பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்து, "நபர்" என்று இருந்த இடத்திலெல்லாம் "உயிரி" என்று மாற்றி, மாலை காப்பிக்குள் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அதனால்தான் நான், ஷெர்லின், வயது இருபத்தேழு, பூச்சியியலில் முதுகலை, ஐப்பசி பிறந்தும் மழை எட்டிப் பார்க்காத தேரிக்காட்டுச் செம்மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஓர் எறும்புக் கூட்டின் வாசலில் "சமையலறை தனியாக உள்ளதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன சொல்லுது?" என்றார் சுயம்புலிங்கம். வாரியம் எனக்குக் கொடுத்த ஜீப்பின் ஓட்டுநர். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பேனா. எழுதி நான் பார்த்ததில்லை.

"உணவு, உள்ளே, நிறைய."

"நல்ல குடும்பம்."

பெட்டி ஒரு சின்ன இட்லிக் கொப்பரை அளவு இருக்கும். சுயம்பு அண்ணாச்சி அதைக் கொப்பரை என்றே கூப்பிட்டார். முதல் நாளே அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு வாய் எங்க இருக்கு?" என்று கேட்டிருந்தார்.

"எறும்பு வாயால பேசாது அண்ணாச்சி. உடம்புல இருந்து ஒரு மணத்த விடும். இன்னொரு எறும்பு அத மோந்து பாத்துப் புரிஞ்சுக்கும். இந்தப் பெட்டி அந்த மணத்தைப் படிச்சு நமக்குச் சொல்லா மாத்தும். நாம சொல்லத் தொட்டா மணமா மாத்தி உள்ள விடும்."

"அப்ப நாத்தம்தான் பேச்சு."

"ஆமா."

"எங்க ஊரு மினிபஸ்ல அப்படிப் பாத்தா ஒருத்தரும் வாயை மூடினதே இல்ல."

பெட்டிக்குத் தெரிந்தது மொத்தம் அறுபத்து மூன்று சொற்கள். உணவு, ஆபத்து, பாதை, அரசி, பிள்ளை, வெளியார், வெள்ளம், நிறைய, சமம். அவ்வளவுதான் எறும்புக்குத் தேவைப்படும்போல. எழுத்து தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படமும் திரையில் இருந்தது. "பெயர்" அதில் இல்லை. அதனால் முதல் கேள்வியை விட்டுவிட்டு, ஒன்றாம் அரசி, இரண்டாம் அரசி என்று நானே எழுதிக்கொண்டேன். ஆறாம் கேள்வியையும் விட்டுவிடுவேன். "வேலை நிமித்தம் வெளியூரில் இருக்கும் உறுப்பினர்கள் உண்டா?" என்று எந்த எறும்பிடம் கேட்பது?

எனக்கு வேண்டியதெல்லாம் நான்காம் கேள்வி. "உறுப்பினர் அல்லாத வெளியார் யாரேனும் தங்கியுள்ளனரா?"

தேரிச்சுடர் என்று ஒரு வண்ணத்துப்பூச்சி. கட்டைவிரல் நகத்தளவு. மூடிய இறகைப் பார்த்தால் காய்ந்த சருகு. விரித்தால் இந்தத் தேரி மணலே பற்றிக்கொண்டு எரிவது மாதிரி இருக்கும் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். அவரும் பார்த்ததில்லை. பதினோரு வருடமாக யாருமே பார்க்கவில்லை. மியூசியத்தில் ஒரு பெட்டிக்குள் ஒற்றை இறகு இருக்கிறது. நான் படித்த காலத்தில், மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, அதைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"அது இங்ஙன இருந்தா என்ன ஆகும்?" என்று சுயம்பு அண்ணாச்சி முதல் நாளே கேட்டுவிட்டார். அவர் கேட்ட விதத்தில் விளையாட்டு இல்லை.

"இந்த முந்நூற்றுப் பத்து ஏக்கரும் தொழிற்சாலைக்குக் கிடையாது. அதான் சட்டம்."

அவர் காதிலிருந்த பேனாவை எடுத்து, பார்த்து, திரும்பக் காதிலேயே வைத்தார்.

வரப்போவது பேருந்துகளுக்கு மின்கலம் செய்யும் ஆலை. அவர் மகள் இசக்கி ஓசூரில் அதே வேலையைத்தான் செய்கிறாள். ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். தீபாவளிக்கு லீவு கிடைத்தால் பொங்கலுக்குக் கிடைக்காது. இங்கே ஆலை வந்தால் அனுபவமுள்ள உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முதலிடம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆலை வாசலிலிருந்து அவர் வீட்டுக்கு நாலு கிலோமீட்டர். அந்த நாலு கிலோமீட்டரை அவர் ஜீப்பில் இரண்டு தடவை அளந்து பார்த்திருந்தார்.

"சரி, அந்தப் பூச்சி எறும்புகிட்ட என்னத்துக்கு வருது?"

"பூச்சி வராது. அதோட புழு வரும். எறும்போட மணத்த அப்படியே பூசிக்கிட்டு வழியில கிடக்கும். எறும்பு, நம்ம பிள்ளை தவறி வெளிய வந்துருச்சுன்னு உள்ள தூக்கிட்டுப் போயி மாசக்கணக்குல ஊட்டி வளக்கும். அப்புறம் இறகு முளைச்சதும் பறந்துரும்."

"ஓசிச் சோறு தின்னுட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிரும்."

"ஆமா."

"எங்க மச்சினன்."

எறும்பும் சாதாரண எறும்பு இல்லை. முள்ளடர்ந்த உடைமரத்து அடியில் மட்டும் கூடு வைக்கும், சிவந்த தலை, கோபம் வந்தால் பின்பக்கத்தை வானத்துக்குத் தூக்கும். உள்ளூர்ப் பெயர் என்ன என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அண்ணாச்சியிடம் கேட்டேன். சொன்னார். "வேற பெயர் இல்லையா?" என்றேன். "குண்டித்தூக்கியக் குண்டித்தூக்கின்னுதான் சொல்லணும். வாரியத்துக்கு என்ன வெக்கம்?" என்றார். நாற்பத்தொரு படிவத்திலும் அதையே எழுதினேன்.

நாற்பத்தொரு கூடு. நான்கு நாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி. வெளியார், உள்ளே?

நாற்பத்தொரு கூடும் ஒரே பதிலைச் சொன்னது. இல்லை.

நான்காம் நாள் மதியம் கடைசிக் கூட்டை முடித்தபோது எனக்கு அழுகை வராத குறை. சுயம்பு அண்ணாச்சி உடைமர நிழலில் மகளுக்குப் போன் போட்டிருந்தார். "ஏட்டி, பூச்சி இல்ல! ஒண்ணுகூட இல்ல! நீ பெட்டியக் கட்டு!" போனுக்குள்ளிருந்து கலகலவென்று ஒரு சிரிப்பு. "இன்னும் செங்கல்லே வைக்கல, அதுக்குள்ள பெட்டியா?"

சாப்பிட உட்கார்ந்தோம். அவர் வீட்டிலிருந்து புளிக்குழம்பும் அவித்த முட்டையும் வந்திருந்தது. என் முகத்தைப் பார்த்து அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். முட்டையில் பெரியதை என் பக்கம் தள்ளினார்.

"வருத்தப்படாதிய மேடம். இல்லாததுக்கு நாம என்ன செய்ய?"

"இல்ல அண்ணாச்சி. இருக்கும்னு நெனச்சேன்."

"உங்க படிவத்தப் பாத்தா எனக்கு எங்க வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவன் ஞாபகம்தான் வருது. இதே கேள்வி. இதே வரிசை." அவர் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "நான் அப்ப மினிபஸ் ஓட்டுனேன். இருபத்திரண்டு வருசம் முன்னால ஒரு நாள், கடைசி ஸ்டாப்புல எல்லாரும் இறங்கிட்டாவ. ஒரு ஆள் மட்டும் இறங்கல. பின் சீட்டுல, ஒரு மஞ்சப் பையில. பத்து நாள் பிள்ளை. போலீஸ் ஸ்டேசன், ஆஸ்பத்திரி, கோர்ட்டு எல்லாம் ஏறி இறங்கித்தான் முறையா வீட்டுக்குக் கொண்டாந்தோம். அது இசக்கி. அவளுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். யாரும் பேச மாட்டாவ."

"ம்."

"கணக்கெடுக்க வந்தவனுக்கு யாரோ சொல்லிட்டான். படிவத்த விரிச்சு வச்சுக்கிட்டு, 'வீட்டுல வெளியாள் யாரும் உண்டா?'ங்கான். இல்லன்னேன். திரும்பக் கேக்கான். எம் பொஞ்சாதி உள்ள இருந்து வந்தா, கையில அகப்பை. 'இந்த வீட்டுல வெளியாள் நீ ஒருத்தன்தான்'னா. பய ஓடிட்டான்." அண்ணாச்சி சிரித்தார். "பின்ன? பத்து தடவை கேட்டாலும் இல்லன்னுதான சொல்லுவோம்? வளத்தவகிட்டப் போயி வெளியாள் இருக்கானான்னு கேட்டா…"

அவர் நிறுத்திவிட்டார்.

நானும் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. எங்களுக்கு நடுவே ஒரு குண்டித்தூக்கி முட்டைத் தூளைத் தூக்கிக்கொண்டு போனது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார் சுயம்பு அண்ணாச்சி மெதுவாக.

"அண்ணாச்சி."

"நீங்க சாப்பிடுங்க. முட்டை ஆறுது."

"அவிச்ச முட்டை ஆறித்தான் இருக்கு அண்ணாச்சி. எறும்புக்கு அது வெளியார்னே தெரியாது! நாலு நாளா தப்பான கேள்வியக் கேட்டுட்டு இருந்திருக்கேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். நிஜமாகவே, குழம்புக் கையோடு. "இந்த வாய் இருக்கே. முப்பது வருசம் ஸ்டியரிங்கப் பிடிச்ச கைக்கு வாயைப் பிடிக்கத் தெரியலையே!"

நான் என்ன கேட்பது என்று யோசித்தேன். அவர் பதில் சொல்லக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஒரு நிமிடம்தான் தாக்குப் பிடித்தார். பிறகு முதுகைக் காட்டியபடியே சொன்னார்:

"செல்லப்பிள்ளை யாருன்னு கேளுங்க. அத மட்டும் எந்த வீட்டுலயும் மறைக்க முடியாது."

செல்லம் என்ற சொல் பெட்டியில் இல்லை. பிள்ளை, உணவு, நிறைய, எங்கே என்று நான்கு படங்களைத் தொட்டேன். முதல் கூட்டிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தோம். பதினாறு கூடுகள் வரை ஒரே பதில்: எல்லாப் பிள்ளையும். சமம்.

பதினேழாம் கூட்டில் அப்படி இல்லை. திரை நிறையச் சொற்கள் வந்து விழுந்தன.

பிள்ளை. பெரிது. பிள்ளை. அரசி போல. ஊட்டு. ஊட்டு. நிறைய. பிள்ளை. நல்லது. நல்லது. பிள்ளை.

"அய்யய்ய," என்றார் அண்ணாச்சி, திரையைப் பார்த்து. "ரொம்பத்தான் கொஞ்சுது." முகம் அவரை மீறி மலர்ந்துவிட்டது. அப்புறம் ஓசூர் ஞாபகம் வந்திருக்கும். மெதுவாக நடந்து போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மதியத்துக்குள் பார்த்த மீதி இருபத்து நான்கு கூடுகளிலும் சமம்தான். முந்நூற்றுப் பத்து ஏக்கரில் ஒரே ஒரு புழு.

பதினேழாம் கூட்டுக்கே திரும்பி வந்து, வாரியத்தின் திட்ட அலுவலர் தில்லைநாயகத்துக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பார்.

"ஷெர்லின்ம்மா, படிவத்துல இல்லாத கேள்விய எதுக்குக் கேட்டீங்க?"

"படிவத்துல இருந்த கேள்விக்கு எறும்பால பதில் சொல்ல முடியாது சார்."

"சரி, கேட்டாச்சு. இப்ப பிரிவு பன்னிரண்டைப் பாருங்க. குடியிருக்கிற உயிரி தானாவே கிளம்பிட்டா நமக்குத் தடை இல்ல. அந்தக் கூட்டுக்கும் காப்புக்காட்டு வேலிக்கும் எவ்வளவு தூரம்?"

"எண்பதடி இருக்கும்."

"எண்பதடிதானே! பெட்டியில வெள்ளம்னு ஒரு சொல் இருக்கு பாருங்க. அதை ஒரு தட்டு தட்டுங்க. கூட்டத்தோட கிளம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மேட்டுக்குப் போயிடும். புழுவும் பத்திரம், ஆலையும் பத்திரம்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?"

"பொய்யின்னு ஏம்மா எடுத்துக்கிறீங்க? ஐப்பசி மாசம். என்னைக்காவது பெய்யத்தானே போகுது?"

ஸ்பீக்கரில் இதைக் கேட்ட சுயம்பு அண்ணாச்சி ஜீப்பிலிருந்து குதித்து வந்தார். "ரெண்டும் நடக்கும்லா மேடம்! அதுக்கும் வீடு, எம் பிள்ளைக்கும் வீடு!" எனக்கும் அப்படித்தான் பட்டது. அதை இன்று வேறு மாதிரி எழுதிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் நானும் சந்தோஷமாகத்தான் தொட்டேன்.

வெள்ளம்.

கூடு கொதித்தது. ஒரே நேரத்தில் ஆயிரம் எறும்புகள் வாசலில் பொங்கின. முதலில் வெளியே வந்தது அந்தப் புழு. இளம்பச்சை, கொழுகொழுவென்று, எறும்பைப் போல் ஐந்து மடங்கு. பதினைந்து இருபது எறும்புகள் அதைச் சுற்றிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடின. பாதி வழியில் ஆள் மாற்றிக்கொண்டன. இன்னும் நாற்பது எறும்புகள் முன்னால் பாதை போட்டன. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். தேர் இழுக்கிற மாதிரி இருந்தது.

"மேடம்," என்றார் அண்ணாச்சி. அவர் தேரைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்ஙன கிடக்கது என்ன?"

வாசலில் வெள்ளை வெள்ளையாக அரிசி போலக் கிடந்தன.

"அதுங்களோட சொந்தப் பிள்ளைங்க. கூட்டுப்புழு."

"தூக்கிட்டுப் போக ஆள் வராதா?"

"வரும். பெரிசை முதல்ல கொண்டு சேர்த்துட்டு."

ஆனால் எல்லாக் கையும் பெரிசின் மேல்தான் இருந்தது. மதியம் ஒரு மணி வெயில். செம்மணல் காலைச் சுட்டது. அரிசிகள் ஒவ்வொன்றாகச் சுருங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

"நிறுத்துங்க."

"இன்னும் முப்பதடிதான் அண்ணாச்சி. தாண்டிட்டா…"

"வராத வெள்ளத்துக்கு அது பெத்த பிள்ளைய வெயில்ல போட்டுட்டு ஓடுது. நிறுத்துங்க தாயி!"

நான் தொட்டேன். ஆபத்து, இல்லை. ஆபத்து, இல்லை. நான்கு தடவை தொட்ட பிறகுதான் தேர் நின்றது. பிறகு வந்த பாதையிலேயே பெரிசைத் திரும்பத் தூக்கி வந்தன. வாசலில் கிடந்தவற்றில் பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. அண்ணாச்சி ஒரு காய்ந்த பனை ஓலையை எடுத்துவந்து அந்த இடத்துக்கு நிழல் மாதிரி நட்டு வைத்தார். அதனால் இனி பயன் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதினேன். தில்லைநாயகம் படித்துவிட்டு நீளமாகப் பெருமூச்சு விட்டார். மூன்றாம் நாள் வாரியத்தின் பதில் வந்தது. எறும்பின் வாய்மொழியை மட்டும் வைத்து முந்நூற்றுப் பத்து ஏக்கரை விட முடியாது. புழு எந்தப் பூச்சியின் புழு என்று யார் கண்டது? இருபத்தொரு நாளுக்குள் இறகு விரித்த தேரிச்சுடரை நேரில் பார்த்துப் படம் எடுத்துத் தர வேண்டும். சாட்சி எடுக்கும் நேரத்தில் பெட்டி கேட்கலாம், பேசக் கூடாது. படம் இல்லையென்றால் ஆலைக்கு அனுமதி.

நான் நாகர்கோவிலுக்குத் திரும்பிவிட்டேன். யாரும் சொல்லாமலேயே சுயம்பு அண்ணாச்சி தினமும் கூட்டைப் போய்ப் பார்த்தார். பெட்டி அவரிடம்தான் இருந்தது. காலையில் எனக்குக் குரல் செய்தி வரும். "பிள்ளை, உறங்குதுங்குது கொப்பரை. எந்திரிக்கல." மறுநாள்: "உறங்குது. கும்பகர்ணன் வகையறா." இன்னொரு நாள்: "நேத்து ஒரு ஆடு மிதிக்கப் பாத்துச்சு. ஆட்டுக்காரனோட சண்டை. அவன் கேக்கான், ஆலை வரணும்னு நீதானவே ஊர் பூராம் சொன்னே, இப்ப எறும்புக்குக் காவல் நிக்கேன்னு. அவன் ஆட்டத்தான் திட்டுனேன்."

பன்னிரண்டாம் நாள் செய்தியில் சிரிப்பு இல்லை. "நாம பொய் சொன்ன நாள்ல இருந்து இந்தக் கூடு சரியில்ல. வாசல்ல எந்நேரமும் காவல். காத்து அசைஞ்சாக்கூடப் பின்பக்கத்தத் தூக்கிட்டு நிக்குது. யாரையும் நம்பல."

பத்தொன்பதாம் நாள் விடியுமுன் போன் வந்தது. "பிள்ளை அசையுதுங்குது. வாங்க."

போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. முந்தின நாள்தான் முதல் மழை பெய்திருந்தது. தேரி மணல் ஈரத்தில் கருஞ்சிவப்பாகக் கிடந்தது. அண்ணாச்சி தன் போனை உடைமரக் கிளையில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அதில் இசக்கி. ஷிப்ட் முடித்து வந்த முகம், தலையில் துண்டு, பின்னால் வரிசையாக அடுக்குக் கட்டில்கள்.

"வணக்கம்க்கா. எங்கப்பாவை எறும்புக்கு வாட்ச்மேன் ஆக்கிட்டீங்களாமே?"

"அவரே ஆயிட்டாரும்மா."

"கேட்டா என்கிட்டயே கோவப்படுறாங்க. நானே ஒருநாள் நேர்ல வந்து…"

"ஏட்டி, சும்மா இரு. வருது."

வாசலில் ஈரமான, கசங்கிய ஏதோ ஒன்று தலை நீட்டியது. பதினோரு வருடம் கழித்து. அது என்னவோ கசக்கிப் போட்ட பஸ் டிக்கெட் மாதிரிதான் இருந்தது. இறகு இன்னும் விரியவில்லை. விரிந்து காய ஒரு கால் மணி நேரம் ஆகும். உடைமரத் தண்டைப் பிடித்து ஏற ஆரம்பித்தது. நான் காமிராவைத் தூக்கினேன்.

திரையில் ஒரே சொல் வந்தது.

வெளியார்.

பிறகு வரிசையாக. வெளியார். வெளியார். வெளியார்.

காவல் எறும்புகள் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அதன் மேல் பாய்ந்தன. ஒன்று காலைப் பிடித்தது. இரண்டு இறகின் ஓரத்தைக் கவ்வின.

"என்னக்கா இது?" இசக்கியின் குரல் கிளையிலிருந்து வந்தது. "அதுங்க வளத்ததுதானே? ஏன் கடிக்குதுங்க?"

"கூட்டுப்புழு ஓட்டை உடைச்சு இறகோட வரும்போது பழைய மணம் போயிடும்மா. எப்பவும் ஒண்ணு ரெண்டுதான் துரத்தும், அதுக்குள்ள இது ஏறித் தப்பிச்சிரும். இப்ப வாசல்ல இத்தனை காவல்…" எதனால் இத்தனை காவல் என்று நான் சொல்லவில்லை.

என் கை பெட்டியை நோக்கிப் போய் நின்றது. பேசக் கூடாது. பேசினால் சாட்சி செல்லாது என்பார்கள். பேசாவிட்டால் சாட்சியே இருக்காது. படம் இல்லை, பூச்சி இல்லை, ஆலை வரும். அந்தப் பக்கம் சுயம்பு அண்ணாச்சி மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். நாலு கிலோமீட்டர்.

எறும்புகள் ஏறிக்கொண்டே இருந்தன. பூச்சியின் ஒரு கால் பிய்ந்து விழுந்தது.

"அப்பா," என்றாள் இசக்கி.

அவர் நிமிர்ந்து போனைப் பார்த்தார். பிறகு குனிந்து, திரையில் வலது பக்கம் கீழே, தொட்டில் படம் போட்ட கட்டத்தில் விரலை வைத்து அழுத்தினார்.

பிள்ளை.

எடுக்கவே இல்லை. பிள்ளை. பிள்ளை. பிள்ளை. பிள்ளை.

கவ்வியிருந்த எறும்பு விட்டது. மற்றவை நின்றன. தூக்கிய பின்பக்கங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரே ஒரு எறும்பு மட்டும் மெதுவாக ஏறிப் போய், அந்த ஈர இறகை உணர்கொம்பால் தடவிப் பார்த்தது. திரும்பி இறங்கியது.

"அண்ணாச்சி," என்றேன். "பொய் சொல்லக் கூடாதுன்னு அன்னைக்கு நீங்கதான்…"

"இது பொய்யா?" என்றார் அவர். விரல் இன்னும் தொட்டிலின் மேல் இருந்தது. "கணக்கெடுக்க வந்தவன்கிட்ட நான் சொன்னது பொய்யா?"

கால் மணி நேரம் காத்திருந்தோம். எட்டுக் கட்டில் அறையில் யாரோ "ஏய், என்னடி பாக்குற?" என்று கேட்க, இன்னும் மூன்று தலைகள் போனுக்குள் எட்டிப் பார்த்தன. வெயில் உடைமரத்துக்குள் நுழைந்து இறகின் மேல் விழுந்தது. அது மெல்ல விரிந்தது; நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். எங்கள் பேராசிரியர் சொன்னது தப்பு. எரிகிற மாதிரி இல்லை. அடுப்பை அணைத்த பிறகு தணல் ஊத ஊத மினுங்குமே, அந்த மாதிரி இருந்தது. ஐந்து கால்தான். பறக்க அது போதும்.

மேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

"திரும்பிக்கூடப் பாக்கல," என்றாள் இசக்கி.

"பாக்காட்டிப் போகுது. பறந்துச்சுல்லா?" என்றார் அவள் அப்பா. "ஏட்டி… அப்ப ஆலை…"

"தெரியும்ப்பா. வந்திருந்தா தினமும் உங்க புளிக்குழம்பத் தின்னணும். தப்பிச்சேன்." சிரித்தாள். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தாள், அவ்வளவு ஈரம் இல்லாவிட்டாலும். "பொங்கலுக்கு லீவு கேக்குறேன். தரலைன்னா எறும்பு செத்துப்போச்சுன்னு சொல்றேன்."

தில்லைநாயகத்துக்கு நான் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன், பெட்டி பேசியது உட்பட. யார் பேசினார்கள் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பார்போல. இரண்டு நாள் கழித்து, "பேசினது பூச்சியோட இல்ல, எறும்போடதான்னு ஒரு வழி இருக்கு," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆலை வேறு மாவட்டத்துக்குப் போகிறது. அங்கே ஓணான்கள் இருக்கின்றனவாம். படிவம் எட்டு அச்சாகிக்கொண்டிருக்கிறது.

பதினேழாம் கூட்டின் படிவத்தை மட்டும் நான் புதிதாக நிரப்பினேன். ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து, சுயம்பு அண்ணாச்சியின் பேனாவால். முதல் தடவையாக அதைக் காதிலிருந்து எடுத்துத் தந்தார். நன்றாகவே எழுதியது.

உறுப்பினர் அல்லாத வெளியார் யாரேனும் தங்கியுள்ளனரா? இல்லை.

பிறகு இதுவரை ஒரு கூட்டிலும் நான் கேட்காத ஆறாம் கேள்வி. பேனாவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் தொலைவில் மேட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார், நான் எழுதினேன்.

வேலை நிமித்தம் வெளியூரில் இருக்கும் உறுப்பினர்கள் உண்டா? உண்டு. ஒருவர்.